கல்லூரி விண்ணப்பமும் ஓர் அமானிதமே

 

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் நமது மதரஸாவின் வாசலில் செருப்புகளின் எண்ணிக்கை கூடிவிடும். சிறு பிள்ளைகள் ஓதிவிட்டுச் சென்றபின், அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தில், ஒரு காலத்தில் நம்மிடம் அலிஃப், பா ஓதிய பிள்ளைகளின் பெற்றோர் வந்து அமர்வார்கள். முன்பெல்லாம் பெயர் சூட்டவும், ஓதிப் பார்க்கவும், துஆ கேட்கவும் வந்தவர்கள் இப்போது கைபேசியை நீட்டி, “ஹஜ்ரத், இதக் கொஞ்சம் பாருங்க” என்கிறார்கள். அரபி படிக்கத் தெரிந்தவருக்கு எல்லாம் படிக்கத் தெரியும் என்பது அவர்களின் நல்லெண்ணம். அந்த நல்லெண்ணத்துக்கு ஒரு முறை நாம் தகுதியற்றவராகிப் போனோம். அதைச் சொல்லி, அதிலிருந்து கற்றதையும் சொல்லவே இந்தப் பதிவு.

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட இந்தச் சமவெளியில் நம் மக்களின் பிழைப்பு பெரும்பாலும் சக்கரத்தின் மீது நடக்கிறது. லாரி ஓட்டுநர், கிளீனர், பட்டறைத் தொழிலாளி, பழைய இரும்பு வியாபாரி என்று எண்ணினால் ஜமாஅத்தில் பாதிக்கு மேல் வந்துவிடுவார்கள். நாம் சொல்லும் அந்தத் தந்தையும் வடநாட்டுக்கு லாரி ஓட்டுபவர். ஒரு முறை புறப்பட்டால் வீடு திரும்ப இருபது நாள்கூட ஆகும். அவருடைய மகள் நமது மக்தபில் குர்ஆனை ஓதி முடித்தவள். அரசுப் பள்ளியில் பயின்று, கணிதத்தில் நல்ல மதிப்பெண் பெற்றவள். பொறியியல் படிக்க வேண்டும் என்பது அவளது ஆசை. அந்த ஆசைக்குத் தந்தையின் சம்மதம் கிடைக்க நாமும் இரண்டு வார்த்தை பேசியிருந்தோம்.

வீட்டில் இருந்தது ஒரே கைபேசி. அதுவும் தந்தையோடு லாரியில் போய்விடும். எனவே அவளும் தாயும் கடைவீதியில் உள்ள ஒரு பிரவுசிங் சென்டருக்குச் சென்று பொறியியல் சேர்க்கைக்கு விண்ணப்பித்தார்கள். கைபேசி எண் கேட்ட இடத்தில், சென்டரில் வேலை பார்த்த இளைஞர் தம் சொந்த எண்ணையே பதிந்தார். மின்னஞ்சலும் அவருடையதே. ஓ.டி.பி. உடனே வரும், வேலை சீக்கிரம் முடியும் என்பதே காரணம். கெட்ட எண்ணம் எதுவும் அதில் இல்லை. அன்றிரவு தந்தை வழியில் எங்கோ லாரியை நிறுத்திவிட்டு நம்மை அழைத்தார். “ஹஜ்ரத், நம்ம வீட்ல யாருக்கும் ஒண்ணும் புரியாது. நீங்க ஒரு தடவ பாத்துட்டா எனக்கு நிம்மதி” என்றார்.

மறுநாள் அவள் அச்சிட்ட படிவத்தைக் கொண்டுவந்தாள். நாம் முதல் பக்கத்தில் அவள் பெயரைப் பார்த்தோம், மதிப்பெண்ணைப் பார்த்தோம், “மாஷா அல்லாஹ்” என்றோம், துஆச் செய்தோம். கைபேசி எண் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை நாம் புரட்டவில்லை.

கலந்தாய்வு நடக்கத் தாமதமானதால், இதற்கிடையில் அவள் அரசு மகளிர் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. கணிதத்தில் சேர்ந்திருந்தாள். பொறியியலில் இடம் கிடைத்ததும் மாறிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அவளுடைய சுற்றில் ஓர் அரசுப் பொறியியல் கல்லூரியில் அவள் கேட்ட பாடமே தற்காலிகமாக ஒதுக்கப்பட்டது. அதைக் குறித்த நேரத்துக்குள் உள்நுழைந்து உறுதி செய்தாக வேண்டும். பொதுவாக அதற்குக் கிடைப்பது இரண்டு நாள்தான். செய்தி போன எண்ணுக்கு உரியவரோ அந்தச் சென்டரை விட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். தினம் வரும் நூறு செய்திகளில் இது யாருடையது என்று அவர் கண்டாரோ, காணாமல் விட்டாரோ! தன்னைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்ற வகுப்புத் தோழி இடம் கிடைத்த மகிழ்ச்சியைச் சொன்ன பிறகே இவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். அதற்குள் நேரம் கடந்துவிட்டது.

இழந்தது ஓர் இடம் மட்டுமல்ல. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் 2020-ஆம் ஆண்டு முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021-ஆம் ஆண்டு முதலும் 7.5 விழுக்காடு இடங்கள் தனியே ஒதுக்கப்படுகின்றன. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேரும் பிள்ளையின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அவளுக்கு வந்த இடம் அத்தகையது. ஒரு லாரி ஓட்டுநரின் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தந்தை திரும்பி வந்து நம் முன் அமர்ந்தபோது நாம் என்ன சொன்னோம் தெரியுமா? “நஸீப் அவ்வளவுதான், பாய். அல்லாஹ் நாடியது இதைவிட நல்லதாக இருக்கும்” என்றோம். அவர் தலையசைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். கதவோரம் நின்ற அந்தப் பிள்ளை மட்டும் மெல்லிய குரலில் ஒன்று சொன்னாள்: “ஹஜ்ரத், அந்த ஃபார்ம்ல என் நம்பரே இல்ல.”

அவள் நம்மைக் குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். ஆனால் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. விதியை நம்புவது ஈமானின் பகுதி. நம் கவனக்குறைவுக்கு விதி என்று பெயர் சூட்டுவது அந்த ஈமானைப் போர்வையாக்கிக்கொள்வது. ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் பேசியவருக்கு நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் என்ன அறிவுறுத்தினார்கள் என்பதை நாம் ஆண்டுதோறும் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். பாடம் சொன்ன நாமே ஒட்டகத்தின் கயிற்றைப் பார்க்கவில்லை.

மறுநாள் வழக்கமாக ஓதும் பகுதியில் சூரா அல்பகராவின் 282-ஆம் வசனம் வந்தது. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அதுதான். தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ அல்ல, கடனை எழுதி வைப்பதைப் பற்றிப் பேசுகிறது அந்த வசனம். எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும். எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கலாகாது. யார் மீது பொறுப்பு உள்ளதோ அவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும். அவரால் இயலாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சாட்சிகள் இருக்க வேண்டும். சிறிதோ பெரிதோ, தவணையோடு எழுதச் சலிக்கக் கூடாது. எழுதியவருக்கும் சாட்சிக்கும் தீங்கு இழைக்கக் கூடாது. இவையே அதன் கருத்துகள். எத்தனையோ முறை பாடம் நடத்திய வசனம். அன்று அது ஒரு கல்லூரி விண்ணப்பத்தின் மீது விழுந்த வெளிச்சமாகத் தெரிந்தது. இந்த வசனம் விண்ணப்பத்துக்காக அருளப்பட்டது என்று நாம் சொல்லவில்லை. அத்தகைய துணிவிலிருந்து அல்லாஹ் காப்பானாக. ஆனால் மனிதரின் உரிமை எழுத்தில் தங்கியிருக்கும் இடத்தில் ஒரு முஸ்லிம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற ஒழுக்கம் அதில் இருக்கிறது.

முதலில், சொல்ல வேண்டியவர் யார்? விண்ணப்பம் யாருடையதோ அவரே. பிரவுசிங் சென்டரில் சான்றிதழ்களை மேசை மீது வைத்துவிட்டு வெளியே தேநீர் குடிக்கப் போகும் தந்தையரை நாம் கண்டிருக்கிறோம். இப்போது நமது மதரஸாவில் பிள்ளையே தன் விவரங்களை உரக்க வாசிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். பெயரில்தான் முதல் சிக்கல் வரும். முஹம்மது என்ற அருமைப் பெயரை ஆங்கிலத்தில் நம் மக்கள் நான்கைந்து விதமாக எழுதுகிறார்கள். ஆதாரில் ஒன்று, மாற்றுச் சான்றிதழில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் மற்றொன்று. ஒரே பெண்ணின் பெயரில் ஓரிடத்தில் பீவி இருக்கும், இன்னோரிடத்தில் இருக்காது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளதையே அடிப்படையாகக் கொண்டு மற்றவற்றைத் திருத்துவது எளிது. அந்தத் திருத்தத்தைப் பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். முடிவு வந்த வாரத்தில் ஆதார் மையத்தில் வரிசையில் நிற்கக் கூடாது.

அடுத்தது சமூகப் பிரிவு. 2007-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டில் 3.5 விழுக்காடு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு உள் ஒதுக்கீடாக உள்ளது. லெப்பை, தக்னி, ஷேக், சையத், அன்சார், துதேகுலா, மாப்பிள்ளை என ஏழு பிரிவினர் இதில் வருகிறார்கள். ராவுத்தரும் மரைக்காயரும் லெப்பை என்பதற்குள் அடங்குவர். தமிழ் பேசுவோராயினும் உருது பேசுவோராயினும் ஒன்றே. நம் பிள்ளை மதிப்பெண்ணால் பொதுப் பிரிவிலும் போட்டியிடலாம். அது எட்டாதபோது இந்த 3.5 கை கொடுக்கும். இணையப் படிவத்தில் ‘பி.சி.’ என்று ஒரு வரியும், ‘பி.சி. முஸ்லிம்’ என்று அதனடியில் ஒரு வரியும் இருக்கும். அவசரத்தில் விரல் முதல் வரியைத் தொட்டுவிட்டால், சமுதாயம் பல ஆண்டுகள் கேட்டுப் பெற்ற உரிமை அந்தப் பிள்ளைக்கு இல்லாமல் போகும் நிலை வரும். சென்ற ஆண்டுகளில் ஒரு மாணவனின் படிவத்தில் இப்படியே விழுந்திருந்தது. உடன் அமர்ந்திருந்த இன்னொரு மாணவன் கண்டுபிடித்தான். அல்ஹம்துலில்லாஹ்.

அந்த இன்னொரு மாணவன்தான் சாட்சி. ஒருவர் வாசிக்க, ஒருவர் பதிய, மூன்றாமவர் மூலச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது நாம் வைத்திருக்கும் முறை. மூவரும் மாணவர்களே. நாம் பதிவதில்லை. தொடக்கத்தில் ஆர்வத்தில் நாமே தட்டச்சு செய்தோம், பிறகு நிறுத்திக்கொண்டோம். நாம் எழுதிக் கொடுத்தால் பிள்ளைக்கு அடுத்த ஆண்டும் நாமே வேண்டியிருக்கும். அவளே எழுதினால் உதவித்தொகைக்கும் வேலைக்கும் அவளால் தானே விண்ணப்பிக்க முடியும். மக்தபிலும் அதே முறைதான்: நாம் ஓதிக் காட்டுகிறோம், பிள்ளையே ஓதுகிறது.

மூன்றாவது, கைபேசி எண். இதில்தான் நம் வீடுகளில் பேச்சு தடிக்கிறது. “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ஹஜ்ரத் போனு?” என்று கேட்காத தந்தை குறைவு. அவர்களின் அச்சத்தை நாம் இகழ மாட்டோம். கைபேசி வழியே நுழைந்த ஃபித்னாவால் அழுத குடும்பங்கள் நம் மஹல்லாவிலும் உண்டு. ஆனால் ஒன்றைக் கேட்கிறோம்: பெண் பிள்ளையின் விவரங்களும் கடவுச்சொல்லும் முன்பின் தெரியாத ஓர் ஆடவரின் கைபேசியில் இருப்பதில் எந்தப் பாதுகாப்பு இருக்கிறது? வீட்டில் தாயின் பெயரில் ஓர் எண் இருக்கட்டும். அது சேர்க்கை முடியும்வரை வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருக்கட்டும். மின்னஞ்சலைப் பிள்ளையே தொடங்கட்டும். கடவுச்சொல்லைத் தாயும் மகளும் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். அச்சத்துக்கு மருந்து ஒழுக்கத்தைக் கற்பிப்பதும் உடன் அமர்வதும்தான்.

புகைப்படத்தைப் பதிவேற்றவும் சிலர் தயங்குகிறார்கள். ஹஜ்ஜுக்குப் போகப் பாஸ்போர்ட் எடுக்கும்போது பெண்களும் படம் கொடுக்கிறார்கள். ஆவணத் தேவைக்கு உலமாக்கள் அதை அனுமதித்தே வந்திருக்கிறார்கள். கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில். சென்டரில் வேலை முடிந்து வந்த பிறகும் அந்தப் படமும் ஆதாரும் சான்றிதழ்களும் அங்குள்ள கணினியில் அப்படியே கிடக்கும். எழுந்து வருமுன் அவற்றை அழிக்கச் சொல்லுங்கள்; திறந்த கணக்கிலிருந்து வெளியேறிவிட்டதைக் கண்ணால் பாருங்கள். அதுவும் அமானிதத்தைச் சேர்ந்ததே.

நான்காவது, தவணை. அந்த வசனம் தவணையைச் சேர்த்தே எழுதச் சொல்கிறது. மதரஸாவின் கரும்பலகையில் ஒரு பக்கம் அரபிச் சொற்கள் இருக்கும். மே மாதத்தில் மறுபக்கம் தேதிகள் இருக்கும். எந்தக் கதவு எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பது அங்கே இருக்கும். நம் மக்கள் பலரும் எல்லாக் கல்லூரிக்கும் ஒரே விண்ணப்பம் என்று எண்ணுகிறார்கள். அப்படி அல்ல. பொறியியலுக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் கலந்தாய்வு தனி. அதில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிடப்படும். அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு வேறோர் இணையதளம்; நாமக்கல், ராசிபுரம், சேலம் என நம் பகுதி அரசுக் கல்லூரிகளை எல்லாம் அதிலேயே தெரிவு செய்யலாம். அதற்கான கட்டணம் ஐம்பது ரூபாயைச் சுற்றியே இருந்து வந்திருக்கிறது. திருச்சி ஜமால் முஹம்மது, வாணியம்பாடி இஸ்லாமியா, சென்னை நியூ காலேஜ் போன்ற நம் சமுதாயக் கல்லூரிகள் இந்த அரசு இணையதளத்துக்குள் வருவதில்லை. அவற்றுக்குத் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். “ஜமாலில் கிடைக்கும் என்று அரசு தளத்தில் போட்டோம்” என்று ஆகஸ்டில் வந்து நின்ற குடும்பம் ஒன்றை நாம் அறிவோம்.

தேதிகளும் கட்டணங்களும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் செய்தியை நம்பிக் காலத்தைக் குறிக்காதீர்கள். செய்தி கொண்டுவந்தவர் யார் என்று விசாரிப்பது ஹதீஸ் கலையில் நம் முன்னோர் உலகுக்குக் காட்டிய வழி. இமாம் புகாரி ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்கள் அறிவிப்பாளர் வரிசைக்காக ஊர் ஊராக அலைந்த வரலாற்றைச் சொல்லும் நாம், அனுப்பியவர் பெயரே இல்லாத ஒரு படத்தை நம்பிப் பிள்ளையின் ஓர் ஆண்டை ஒப்படைப்பது தகுமா? அரசின் இணையதளத்தையே திறந்து, அதில் உள்ள அறிவிப்புக் கையேட்டை முழுதும் வாசியுங்கள். ஐயம் வந்தால், அரசுப் பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளில் இயங்கும் உதவி மையங்களுக்குச் செல்லுங்கள். சேலம் கருப்பூரில் உள்ள அரசு பொறியியல் கல்லூரியை நோக்கி நம் பிள்ளைகள் பேருந்து ஏறுவது பல ஆண்டு வழக்கம். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஐந்தாவது, விருப்பக் கல்லூரிகளின் வரிசை. பொறியியல் கலந்தாய்வில் மாணவர் தம் விருப்பப்படி கல்லூரிகளையும் பாடங்களையும் வரிசைப்படுத்த வேண்டும். கணினி அந்த வரிசையின் மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, தரவரிசைப்படி கிடைக்கும் முதல் இடத்தை ஒதுக்கும். இதை அறியாத பலர், ‘நமக்கு இதுதான் கிடைக்கும்’ என்று எளிதில் கிடைக்கக்கூடியதை முதலில் வைத்துவிடுகிறார்கள். பிறகு மேலான இடம் காலியாக இருந்தாலும் அது இவர்களுக்கு வராது. உள்ளத்தில் உயர்வாக நினைப்பதை முதலில் வையுங்கள்; அதனால் கீழே உள்ளது பறிபோகாது. எத்தனை இடங்களைச் சேர்க்க முடியுமோ அத்தனையையும் சேருங்கள். முந்தைய ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவுக்கு எந்தக் கட்-ஆஃபில் இடம் முடிந்தது என்பதை இணையத்திலேயே காணலாம். அதைப் பார்த்து, விவரம் தெரிந்தவர்களிடம் மஷூராச் செய்து, பிறகு இரண்டு ரக்அத் தொழுது இஸ்திகாராச் செய்யுங்கள். விசாரிக்க வேண்டியதை விசாரிக்காமல் இஸ்திகாராவை மட்டும் பற்றிக்கொள்வது, நாம் அன்று முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டு துஆச் செய்ததைப் போன்றது.

2017 வரை பொறியியல் கலந்தாய்வு சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நேரில் நடந்தது. நம் ஊர்த் தந்தையர் சேலத்தில் இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறி, விடியற்காலை சென்னையில் இறங்கி, மகனைத் திரைக்கு முன் உட்கார வைப்பார்கள். மகளை அழைத்துச் செல்லத் தயங்கிப் படிப்பையே நிறுத்தியவர்களும் உண்டு. 2018-ஆம் ஆண்டு அது இணையத்துக்கு மாறியது. இன்று ஒரு பெண் பிள்ளை தன் வீட்டுத் திண்ணையில் தாயின் அருகில் அமர்ந்து தமிழ்நாட்டின் எந்தக் கல்லூரியையும் தெரிவு செய்யலாம். இதை நாம் அல்லாஹ்வின் அருளாகவே காண்கிறோம். அருளுக்கு நன்றி என்பது அதைக் கற்றுக்கொள்வதே. அந்த இரவு ரயிலில் மற்ற ஊர்த் தந்தையர் இருப்பார்கள். ஒருவர் விடியும்வரை இன்னொருவருக்கு வழி சொல்வார். இப்போது அந்த ரயில் பெட்டி இல்லை. அந்த இடத்தை மஹல்லா நிரப்ப வேண்டும் என்றே கேட்கிறோம்.

மஹல்லாவுக்கு இது பெரிய செலவும் அல்ல. மதரஸாவின் ஓர் அறை, ஒரு கணினி, ஓர் இணைய இணைப்பு, கல்லூரியில் படிக்கும் நான்கு பிள்ளைகளின் இரண்டு வார மாலைப் பொழுது போதும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடும்பத்தின் முதல் பட்டதாரி என்பதற்கான சான்றிதழ் ஆகியவற்றை இ-சேவை வழியே முன்கூட்டியே எடுக்க நினைவூட்டுங்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்தால் கலந்தாய்வில் தொழிற்படிப்பு சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. நம் வீடுகளில் பெரும்பாலான பிள்ளைகள் முதல் பட்டதாரிகளே. அரசுப் பள்ளியில் பயின்ற பெண்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. ஜும்ஆ பயானில் ஐந்து நிமிடம் இதைச் சொன்னால், வடநாட்டு நெடுஞ்சாலையில் இருக்கும் தந்தைக்கும் வீட்டாரின் மூலம் செய்தி போய்ச் சேரும்.

அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. அவள் பி.எஸ்ஸி. கணிதத்தையே படித்து முடித்தாள், நல்ல மதிப்பெண்ணோடு. ‘பார்த்தீர்களா, அல்லாஹ் நல்லதையே செய்தான்’ என்று சொல்லி நம் தவறை மூடிக்கொள்ள இது இடம் தராது. அல்லாஹ்வின் கருணை அவளுக்கு உரியது. நம் கவனக்குறைவின் கணக்கு நம்முடையது. அந்த வசனத்தை மீண்டும் ஓதிய சில நாள்களில் நாம் அவர்கள் வீட்டுக்குப் போனோம். தந்தையும் இருந்தார். “அது நஸீப் இல்லை, பாய். நாம் இரண்டாம் பக்கத்தைப் பார்க்கவில்லை. மஆஃப் செய்யுங்கள்” என்றோம். அவர் பதறி எழுந்து நம் கையைப் பிடித்துக்கொண்டார். “ஹஜ்ரத், நீங்க போய் இப்படி...” என்று மேலே பேச முடியாமல் நின்றார். பிள்ளை தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “தம்பிக்கு அடுத்த வருஷம் நானே போட்டுருவேன் ஹஜ்ரத். ரெண்டு பக்கத்தையும் பாத்து” என்றாள்.

சொன்னபடியே அடுத்த ஆண்டு தம்பியின் படிவத்தை நமது மதரஸாவில்தான் நிரப்பினார்கள். அவன் வாசித்தான், அவள் பதிந்தாள், தாய் சான்றிதழ்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். நாம் சற்றுத் தள்ளி அமர்ந்திருந்தோம். கைபேசி எண் வந்த இடத்தில் அவள் ஒரு கணம் நின்று, தாயைப் பார்த்து, தாயின் எண்ணைப் பதிந்தாள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை வழங்குவாயாக. அவர்களுக்கு உரியதை அவர்களிடம் சேர்க்கும் கவனத்தை எங்களுக்குத் தருவாயாக. எங்கள் சோம்பலுக்கு உன் விதியைக் காரணம் காட்டும் குற்றத்திலிருந்து எங்களைக் காப்பாயாக. நெடுஞ்சாலைகளில் இருக்கும் தந்தையரை நலமாக வீடு சேர்ப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.